எந்த வாசலால் வந்தார்?

மயிலிட்டித் துறைமுகத்திலிருந்து தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்குப் பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. அங்கே 2013 ஆம் ஆண்டு முதல் புற்றுநோய்க்கென்றே ஒரு வைத்தியசாலை இயங்கி வருகிறது. அதைக் கட்டுவதற்குக் காசு சேர்க்க, 2011 இல் நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ என்ற இரு நண்பர்கள் இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாள்களில் நடந்து முடித்தார்கள். வழிநெடுக ஆயிரக்கணக்கானோர் அவர்களோடு சேர்ந்து நடந்தார்கள். போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், தெற்கிலும் வடக்கிலும் இருந்த மனிதர்கள் கால்நோக நடந்து எழுப்பிய கட்டடம் அது. சிகிச்சைக்கு அங்கே காசு வாங்குவதில்லை.

வைத்தியசாலை இவ்வளவு பக்கத்தில் இருந்தும், நோயாளி அங்கே போய்ச் சேரும் பாதை எப்போதும் நேரானதாக இருப்பதில்லை. ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கிறது என்பது பல வாசல்களால் தெரியவரலாம். வெளிநோயாளர் பிரிவில் ஒரு வைத்தியர் சந்தேகப்பட்டு கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம். சுகவனிதையர் கிளினிக்கில் ஒரு தாயின் மார்பில் கட்டி தட்டுப்பட்டிருக்கலாம். வேறெதற்கோ எடுத்த ஸ்கானில் எதிர்பாராமல் ஒரு நிழல் தெரிந்திருக்கலாம். இவை எதுவுமின்றி, நடுச்சாமத்தில் வயிறு ஊதி, சத்தி எடுத்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து வந்த அம்புலன்சில் ஏற்றப்பட்டு, விடிவதற்குள் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போய், வெட்டி எடுத்த குடல்துண்டின் பரிசோதனை அறிக்கை வரும்போதுதான் அது புற்றுநோய் என்று வீட்டாருக்குத் தெரியவரலாம். இந்த அத்தியாயம் அந்தக் கடைசி வாசலைப் பற்றியது.

அந்த வாசலால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று முதலில் ஒழுங்காக எண்ணிப் பார்த்த நாடு இங்கிலாந்து. புதிதாகப் புற்றுநோய் கண்ட ஒவ்வொருவரும் எந்த வழியால் வந்தார் என்பதை அறிய, புற்றுநோய்ப் பதிவேட்டையும், வைத்தியசாலை அனுமதிப் பதிவுகளையும், கிளினிக்குக்காகக் காத்திருந்த நாள்களின் பதிவுகளையும், முற்பரிசோதனைத் திட்டங்களின் பதிவுகளையும் அங்கே ஒன்றோடொன்று பொருத்தினார்கள். ஆளுக்கு ஒரு வழி என்று எட்டு வழிகளாகப் பிரித்தார்கள். 2006 ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அவசர வழியால் வந்திருந்தார். உலகின் மூத்த இலவச மருத்துவச் சேவைகளில் ஒன்று, ஒவ்வொருவருக்கும் பெயர் பதிந்த குடும்ப வைத்தியர் உள்ள நாடு, அங்கேயே நான்கில் ஒருவர். அந்த எண் வெளிவந்தபோது வைத்தியர்களே திடுக்கிட்டார்கள்.

பத்து ஆண்டுகளுக்குப் பின் அது ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தது. சந்தேகத்துக்குரிய நோயாளியை இரண்டு வாரத்துக்குள் நிபுணர் பார்க்கவேண்டும் என்ற ஒழுங்கு அங்கே நிலைபெற்றிருந்தது. 2006 இல் மலத்தில் மறைந்திருக்கும் குருதியைத் தேடும் குடற்புற்றுநோய் முற்பரிசோதனையும் தொடங்கியிருந்தது. பிறகு 2020 வந்தது. கொவிட் காலத்தில் முற்பரிசோதனைகள் நின்றன, குடும்ப வைத்தியரைத் தேடிப் போவோர் குறைந்தார்கள், அவசர வழியின் பங்கு திரும்ப மேலே ஏறியது. மற்ற வாசல்கள் அடைபட்டால் இந்த வாசலில் கூட்டம் கூடும் என்பதை அந்த ஆண்டு எல்லா நாட்டுக்கும் காட்டியது.

இந்தத் துறையில் இதுவரை வந்தவற்றுள் மிகப் பெரிய ஒப்பீடு 2022 இல் லான்செட் ஒன்கொலொஜி இதழில் வெளியானது. அவுஸ்திரேலியா, கனடா, டென்மார்க், நியூசிலாந்து, நோர்வே, பிரித்தானியா ஆகிய ஆறு நாடுகளின் 14 பகுதிகளில், 2012 முதல் 2017 வரை எட்டு வகைப் புற்றுநோய்கள் கண்ட 8,57,068 பேரின் பதிவுகளை அது ஆராய்ந்தது. நோய் உறுதியாவதற்கு முந்திய 30 நாள்களுக்குள் அவசரமாக வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டிருந்தால் அது அவசர வழி. எல்லாருக்கும் இந்த ஒரே வரையறைதான். அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 24 சதவீதம், நியூசிலாந்தில் 42.5 சதவீதம். உறுப்புக்கு உறுப்பும் பெரிய வேறுபாடு: சதையிப் புற்றுநோயில் 46 சதவீதம், மலக்குடற் புற்றுநோயில் 12 சதவீதம். ஆராய்ந்த ஒவ்வொரு பகுதியிலும், ஒவ்வொரு வகைப் புற்றுநோயிலும் ஒரு விடயம் மட்டும் மாறவில்லை. அவசர வழியால் வந்தவர் பன்னிரண்டு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு, மற்ற வழியால் வந்தவரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காகவோ அதற்கும் மேலாகவோ இருந்தது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உடலுக்குள்ளேயே தொடங்குகிறது. குடலை எடுத்துக்கொள்வோம்.

பெருங்குடலின் வலப்பக்கம் அகலமானது. சிறுகுடலிலிருந்து வரும் கழிவு அங்கே இன்னும் நீராகவே இருக்கிறது. அங்கே ஒரு கட்டி வளர்ந்தால் வழி அடைபட நெடுங்காலம் ஆகும். அதற்கிடையில் கட்டியின் மேற்பரப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவில் குருதி கசிந்துகொண்டே இருக்கும். மலத்தில் நிறம் மாறாது. ஆனால் உடலின் இரும்புச்சத்து மாதக்கணக்கில் வடியும். நடக்கக் களைக்கும், படியேற மூச்சு வாங்கும், முகம் வெளிறும். இடப்பக்கம் வேறு விதம். அது ஒடுக்கமானது. நீர் உறிஞ்சப்பட்டு மலம் இறுகும் இடமும் அதுதான். அங்கே வளரும் கட்டி குடலைச் சுற்றி வளையம்போல் இறுக்கும். முதலில் மலம் போகும் பழக்கம் மாறும்: சில நாள் கட்டிக்கொள்ளும், சில நாள் இளகிப் போகும். பிறகு ஒருநாள் காற்றுக்கூடப் பிரியாது.

அப்போது நடப்பது பௌதிகம். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ஒருவழி வால்வு இருக்கிறது. அது நன்றாக மூடிக்கொள்பவர்களுக்கு, கீழே கட்டி, மேலே வால்வு, இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட காற்றுக்கு வெளியேற வழியில்லை. அமுக்கம் குடல் முழுவதும் ஒன்றேயானாலும் சுவரில் விழும் இழுவிசை விட்டத்தோடு கூடும் என்பது லாப்பிளாசின் விதி. காற்றடித்த சைக்கிள் ரியூப் எங்கே ஏற்கெனவே புடைத்திருக்கிறதோ அங்கேதான் வெடிக்கும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். குடலிலும் அதுவே நடக்கிறது. கட்டி இடப்பக்கத்தில் இருந்தாலும் கிழியும் ஆபத்து வலப்பக்க அடியில், பெருங்குடலின் மிக அகன்ற பகுதியில். அதன் விட்டம் 12 சென்ரிமீற்றரை நெருங்கினால் சத்திரசிகிச்சை வைத்தியர் காத்திருக்கமாட்டார்.

அந்த இரவில் செய்யும் சத்திரசிகிச்சைக்கும், அதே கட்டிக்கு நாள் குறித்துச் செய்யும் சத்திரசிகிச்சைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. நாள் குறித்துச் செய்யும்போது ஸ்கான் எடுத்து நோய் ஈரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். குருதிச்சோகையைச் சரிசெய்திருப்பார்கள். இருதயத்தையும் சீனிவியாதியையும் கவனித்திருப்பார்கள். அவசரத்தில் நோயாளி ஏற்கெனவே நீரிழந்து, உப்புக்கள் குலைந்து, சில வேளை குருதியில் கிருமி பரவிய நிலையில் மேசைக்கு வருகிறார். வெட்டிய இரு முனைகளையும் உடனே இணைப்பது ஆபத்து என்று கருதி, வயிற்றில் வழி திறந்து பை பொருத்தவேண்டி வரலாம். உடல் தேறத் தாமதமானால் அதன்பின் கொடுக்கவேண்டிய மருந்துச் சிகிச்சையும் தள்ளிப்போகும். கட்டியின் பருவத்தைக் கணக்கிலெடுத்துச் சமப்படுத்திய பிறகும் அவசர வழியால் வந்தவர்களின் நிலை மோசமாகவே இருப்பதற்கு இவையெல்லாம் காரணம்.

கடலில் தொழில் செய்கிறவர்கள் விடயத்தில் எனக்கு அதிகம் பயம் தருவது முதுகுவலி. சுவாசப்பை, மார்பு, ஆண்களின் முன்னிற்கும் சுரப்பி ஆகியவற்றில் தோன்றும் புற்று முள்ளந்தண்டு என்புகளுக்குப் பரவுவது வழக்கம். அங்கே அது வளர்ந்து முண்ணாணை அமுக்கத் தொடங்கினால் கால்கள் சோரும், சலம் கட்டும். பெரும்பாலானவர்களுக்கு அந்த நாளுக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் முன்பே முதுகுவலி இருந்திருக்கும். ஆனால் வலை இழுப்பவருக்கு, எஞ்சினைத் தோளில் தூக்கி வள்ளத்துக்குக் கொண்டுபோகிறவருக்கு முதுகு நோவது ஒரு செய்தியா? எண்ணெய் பூசி ஒத்தடம் கொடுத்துவிட்டு அடுத்த நாளும் போவார். தசைப்பிடிப்பு வலி படுத்தால் ஆறும். முள்ளந்தண்டுக்குள் வளரும் கட்டியின் வலியோ படுக்கும்போது கூடும், இரவில் எழுப்பும், இருமினால் தும்மினால் குத்தும். இந்த வேறுபாட்டை ஒவ்வொரு துறைமுகத்திலும் எழுதி ஒட்டவேண்டும் என்பேன். நடந்து வைத்தியசாலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்குப் பிறகும் நடக்கிறார்கள். தூக்கிக்கொண்டு வரப்படுகிறவர்களில் பெரும்பாலோர் திரும்ப எழுந்து நடப்பதில்லை.

ஆனால் அவசர வழியால் வந்த ஒவ்வொருவரும் பிந்தி வந்தவர் என்று எண்ணிவிடக்கூடாது. தீவிர குருதிப் புற்றுநோய் சில வாரங்களுக்குள் முற்றிவிடும். நேற்றுவரை விளையாடிய பிள்ளை இன்று காய்ச்சலோடும் தோலில் சிவப்புப் புள்ளிகளோடும் வந்து நிற்கும். இங்கிலாந்தின் கணக்கிலும் அந்த நோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அவசர வழியால்தான் வந்தார்கள். மூளைக்கட்டியும் அப்படித்தான், முதல் அறிகுறியே வலிப்பாக இருக்கலாம். அந்தப் பெற்றோரிடம் "ஏன் முந்தியே கொண்டுவரேல்லை?" என்று யாரும் கேட்கக்கூடாது. பிள்ளைகளின் குருதிப் புற்றுநோயில் பெரும்பகுதி, உரிய சிகிச்சை தொடர்ந்து கிடைத்தால், குணமாகக்கூடியது. மார்புப் புற்றுநோயில் நிலைமை நேரெதிர். இங்கிலாந்தில் அது நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் அவசர வழியால் தெரியவருகிறது. ஆகவே ஓரிடத்தில் மார்புப் புற்றுநோய் அவசரப் பிரிவில் தெரியவரத் தொடங்கினால், அங்கே ஏதோ ஒரு வாசல் நெடுநாளாக அடைபட்டுக் கிடக்கிறது என்று பொருள்.

நோயாளி சோம்பலாக இருந்துவிட்டார் என்ற எண்ணத்தையும் ஆய்வுகள் கலைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் அவசர வழியால் வந்தவர்களைக் கேட்டபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான் அதற்குமுன் குடும்ப வைத்தியரிடம் ஒருதடவையும் போகாதவர்கள். மற்றவர்கள் போயிருக்கிறார்கள், சிலர் மூன்று முறைக்கும் மேல். அப்படியானால் வைத்தியர் தவறவிட்டாரா? பெரும்பாலும் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரு குடும்ப வைத்தியர் அங்கே ஆண்டுக்கு எட்டுப் புதிய புற்றுநோயாளிகளைச் சந்திக்கலாம். இருமலோடும் வயிற்று நோவோடும் வருகிறவர்களோ ஆயிரக்கணக்கில். எக்ஸெற்றர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஹமில்ற்றனும் அவருடைய குழுவினரும் ஒவ்வோர் அறிகுறிக்கும் பின்னால் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டார்கள். தனியோர் அறிகுறியின் பெறுமதி பெரும்பாலும் மிகச் சிறியது. ஆனால் அதே அறிகுறியோடு இரண்டாம் முறை வந்தால் அது கூடுகிறது. இரண்டு அறிகுறிகள் சேர்ந்தால் இன்னும் கூடுகிறது. இந்த வகைக் கணக்குகளை வைத்து 2015 இல் பிரித்தானியா ஒரு கோடு கிழித்தது: வாய்ப்பு நூற்றுக்கு மூன்றைத் தாண்டினால் உடனே நிபுணரிடம் அனுப்பு. தொண்ணூற்றேழு பேருக்கு ஒன்றுமில்லை என்று முடிந்தாலும் பரவாயில்லை.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் பிறப்பிலும் இப்படி ஒரு தவறிய அறிகுறி இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடற் புற்றுநோயால் 1923 இல் இறந்தார். முதலில் அது சீதபேதி என்று கருதப்பட்டது. அக்காவே மருத்துவர், அப்படியிருந்தும் காலம் கைநழுவியது. அந்தத் துயரத்தைச் சுமந்தவர் முப்பது ஆண்டுகள் ஓயாமல் முயன்று 1954 இல் அந்த மருத்துவமனையைத் திறந்தார். மலத்தில் குருதி போனால் மூலம், சளியோடு போனால் கடுப்பு என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லும் பழக்கம் நம்மிடையே இன்றும் போகவில்லை.

மயிலிட்டிக்குத் திரும்புவோம். வடக்கின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்றாக இருந்த இந்த ஊர், 1990 ஜூனில் முழுவதுமாக இடம்பெயர்ந்தது. ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017 ஜூலை 3 அன்று. இருபத்தேழு ஆண்டுகள். அந்தக் காலத்தில் மயிலிட்டியார் பலர் மல்லாகம், சுன்னாகம் பகுதிகளின் நலன்புரி முகாம்களில் தகரக் கொட்டில்களில் வாழ்ந்தார்கள். வேறு சிலர் வாடகை வீட்டுக்கு வாடகை வீடு மாறினார்கள், சிலர் கடல் கடந்து போனார்கள். புற்றுநோய் பெரும்பாலும் நடுவயதுக்கு மேல் வருவது. இடம்பெயர்ந்தபோது இருபத்தைந்து வயதாக இருந்தவர், ஊர் திரும்பியபோது ஐம்பதைத் தாண்டிவிட்டார். ஒரு தலைமுறை தன் ஆபத்தான வயதை அடைந்தது முகாமில்தான். கூரையும் சோறும் பிள்ளையின் பள்ளிக்கூடமும் நிச்சயமில்லாத இடத்தில், வலிக்காத ஒரு கட்டியை யார் பொருட்படுத்துவார்?

அந்த ஆண்டுகளில் குடாநாட்டுப் புற்றுநோயாளி ஒருவர் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகவேண்டுமென்றாலும் பாதை இருக்கவில்லை. 2002 இல் திறந்த ஏ9 வீதி 2006 ஓகஸ்ட்டில் முகமாலையில் திரும்ப மூடப்பட்டது. அதன்பின் கப்பலுக்கும் விமானத்துக்கும் அனுமதிக்காகக் காத்திருந்த காலத்தில், கதிர்ச்சிகிச்சைக்குக் குறித்த நாள் கடந்துபோவதைத் தடுக்க யாராலும் முடியவில்லை. அந்த அனுபவம் ஒரு கருத்தை ஆழப் பதித்தது: கான்சர் என்று தெரிந்தால் ஒன்றும் செய்யேலாது, தெரியாமலே இருக்கிறது நல்லது. இன்று தெல்லிப்பழையில் சிகிச்சை இருக்கிறது. மனிதர் மனத்தில் பதிந்தது கட்டடம் எழும் வேகத்தில் மாறுவதில்லை.

தொழிலின் நேரமும் ஒரு தடை. இரவில் கடலுக்குப் போய் விடியலில் கரை சேர்கிறவருக்கு, காலை என்பது மீன் இறக்கி, ஏலம் கூறி, வலை துப்புரவாக்கும் பொழுது. வெளிநோயாளர் பிரிவும் கிளினிக்கும் நடப்பது அதே காலையில். ஒருநாள் போகாவிட்டால் ஒருநாள் உழைப்பு இல்லை. வள்ளம் சம்மாட்டியுடையதாக இருந்தால் இன்னொருவரின் உழைப்பும் கெடும். வீட்டில் இந்தப் பேச்சை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்: "இஞ்சரப்பா, ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போட்டு வாங்கோவன்." "காத்து மாறட்டும், போவம்." வாடைக் காற்று மாறிச் சோளகம் வரும், பிறகு கச்சான் வரும். அவருக்கு வசதியான நேரத்தில் திறந்திருப்பது அவசரப் பிரிவு ஒன்றுதான். அது இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கிறது.

இலங்கையின் இலவச மருத்துவத்தில் ஒரு பெரிய சுதந்திரம் உண்டு. யாரும் எந்த வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கும் போகலாம், கையில் காசு இருந்தால் மாலையில் நிபுணரைத் தனியாரில் சனல் பண்ணிப் பார்க்கலாம். இந்தச் சுதந்திரத்தின் மறுபக்கத்தை நாம் போதிய அளவு பேசுவதில்லை. தை மாதம் காங்கேசன்துறைப் பக்கத்தில் ஒரு வைத்தியர், மாசியில் தெல்லிப்பழையில் வேறொருவர், சித்திரையில் யாழ்ப்பாணத்தில் மூன்றாமவர். மூவரும் கெட்டிக்காரர், மூவரும் அக்கறையாகப் பார்த்தவர். ஆனால் ஒவ்வொருவருக்கும் அது முதல் நாள். ஒரே அறிகுறியோடு மூன்றாம் முறை வருகிறார் என்ற அந்த முக்கியமான தகவல் எவர் கண்ணிலும் படுவதில்லை. முதலாமவர் குருதிச்சோகைக்கு இரும்புக் குளிசை கொடுத்திருப்பார். ஐம்பது வயதைத் தாண்டிய ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்தால் அது எங்கோ கசிகிறது, பெரும்பாலும் குடலில் கசிகிறது என்ற கேள்வி எழுந்தே ஆகவேண்டும். குளிசையால் களைப்பு கொஞ்சம் குறைந்துவிடும், கேள்வியும் அதோடு மறைந்துவிடும். ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். கிளினிக் கொப்பியோ, துண்டோ, ரிப்போட்டோ எதுவாக இருந்தாலும் ஒரே பையில் போட்டு, எந்த வைத்தியரிடம் போனாலும் அந்தப் பையோடு போங்கள். "இதுக்கு இது மூன்றாந்தரம் ஐயா வாறன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நூற்றுக்கு ஒன்றாக இருந்த வாய்ப்பை மூன்றாக மாற்றும் வாக்கியம் அதுவாக இருக்கலாம்.

டென்மார்க் இந்தச் சிக்கலை எதிர்கொண்ட விதம் நமக்கு நெருக்கமாகப் படுகிறது. அங்கே 2008 இல் ஒவ்வொரு புற்றுநோய்க்கும் விரைவுப் பாதைகள் வகுத்தார்கள். ஆனால் ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் பீற்றர் வெட்ஸ்ரெட் போன்றவர்கள் கவனித்தார்கள்: புற்றுநோய் கண்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் ஆபத்து மணி அடிக்கும் அறிகுறியோடு வருகிறார்கள். மற்றவர்களுக்கு மெலிவு, களைப்பு, பசியின்மை, ஏதோ சரியில்லை என்ற உணர்வு, அவ்வளவே. அவர்கள் எந்தப் பாதைக்கும் பொருந்துவதில்லை. எனவே 2012 முதல், இன்ன உறுப்பு என்று சுட்ட முடியாத சந்தேகத்தோடு குடும்ப வைத்தியர் அனுப்பும் நோயாளிகளுக்கென்றே தனி நோயறி நிலையங்களைத் திறந்தார்கள். "ஆளைப் பாத்தா ஏதோ வருத்தம் கிடக்குது" என்று ஒரு தாதி சொல்வாரே, அந்த அனுபவ அறிவுக்கு அங்கே ஒரு வாசல் கிடைத்தது. தெல்லிப்பழையிலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் கிழமைக்கு ஒரு பின்னேரம் அப்படி ஒரு கிளினிக் நடத்தப் புதுக் கட்டடம் வேண்டாம். நாடு தழுவிய குடற்புற்றுநோய் முற்பரிசோதனைத் திட்டம் இலங்கையில் இல்லாத நிலையில், இது அவசரமான தேவையும்கூட.

எண்களை வாசிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 2018 ஜூலையில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அதற்குமுன் மூச்சு முட்டி, அல்லது வயிறு ஊதி, வாகனம் தேடிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் இறந்துபோனவர்கள் உண்டு. அவர்களுக்கு என்ன நோய் என்று யாரும் அறியவில்லை. எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் புற்றுநோயாளிகள் அல்ல. அம்புலன்ஸ் வந்தபின் அவர்கள் உயிரோடு வைத்தியசாலையை அடைந்தால், அவசர வழியின் பங்கு கூடும். கூடிய அந்த எண் கெட்ட செய்தியல்ல. இதற்கு மாறாக, 2022 இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், கிளினிக்குக்குப் போகமுடியாதவர்களின் நோய் பின்னொரு நாளில் அவசர வழியால் தெரியவந்திருந்தால், அந்த உயர்வு கெட்ட செய்தி. இரண்டு உயர்வும் கோட்டுப்படத்தில் ஒரேமாதிரித்தான் தெரியும். பிரித்தறிய வேண்டுமென்றால் சதவீதம் மட்டும் போதாது. மொத்தத் தொகை, நோய் கண்டபோது இருந்த பருவம், ஓராண்டின் பின் உயிரோடு இருப்பவர் எத்தனை பேர் என்ற மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

அதற்கு வேண்டிய தரவு நம்மிடம் பெருமளவு ஏற்கெனவே கிடக்கிறது. இலங்கையின் தேசிய புற்றுநோய்ப் பதிவேடு ஒவ்வொரு நோயாளியின் வயது, பால், மாவட்டம், நோய் தோன்றிய உறுப்பு, கலத்தின் வகை ஆகியவற்றைத் தொகுத்து வெளியிடுகிறது. அதில் இல்லாத ஒரு நிரல், அவர் எந்த வாசலால் வந்தார் என்பது. ஆனால் அரச வைத்தியசாலையில் சேர்க்கப்படும் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டில்சீட்டு எழுதப்படுகிறது, விடுதிகளில் எல்லாரும் ரிக்கெற் என்று சொல்வது அதைத்தான். எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தார், அவசரப் பிரிவா, கிளினிக்கா, வேறு வைத்தியசாலையிலிருந்து மாற்றப்பட்டவரா என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வீடு திரும்பும் நோயாளியின் நோய்க்குறியீடும் நாடு முழுவதும் கணினியில் ஏற்றப்படுகிறது. புற்றுநோய் என்று திசு அறிக்கை உறுதிசெய்த திகதி ஒன்று, அவசரமாகச் சேர்க்கப்பட்ட திகதி ஒன்று. இரண்டுக்கும் இடைவெளி 30 நாளுக்குள் என்றால் அவசர வழி. தெல்லிப்பழையின் ஓராண்டுப் பதிவுகளை இப்படி ஒப்பிட்டுப் பார்க்க, மருத்துவபீட மாணவர்கள் சிலரும் ஓர் ஆவணக் காப்பாளரும் சில மாதங்கள் உட்கார்ந்தால் போதும். முகவரியில் கிராம அலுவலர் பிரிவும் இருப்பதால், மயிலிட்டிக்கும் மானிப்பாய்க்கும் வேறுவேறாகவே அந்தக் கணக்கை எடுக்கலாம். எந்த ஊருக்கு மாலைக் கிளினிக் முதலில் போகவேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும்.